நுழைபுலம்: நுழைவது யார், எதற்குள்?

கோத்தகிரியில் மாலை வேளையில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் திருக்குறளின் கல்லாமை அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஐயா, நுழைபுலம்னா புலத்துக்குள்ள நாம நுழையிறதா, இல்ல புலமே போய் எதுக்குள்ளயாவது நுழையிறதா?" அவள் கையிலிருந்த உரைநூலில் "கூரிய அறிவு" என்று இரண்டே சொல்லில் பொருள் எழுதியிருந்தது. அந்தப் பொருள் தவறில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அதில் விடை இல்லை. அன்று அவளுக்குப் பாதி விடைதான் என்னால் சொல்ல முடிந்தது. மீதியைத் தேடியபோது, கூர்த்த அறிவைப் பற்றித் தமிழ் எப்படி எண்ணிப் பார்த்திருக்கிறது என்பதே இந்த ஒரு சொல்லுக்குள் மடிந்து கிடப்பதைக் கண்டேன்.

நுழைபுலம் என்ற சொல்லை நாம் தனியாகக் கேட்பது அரிது. "நுண்மாண் நுழைபுலம்" என்று நான்கு துண்டும் கோத்த சரமாகவே அது காதில் விழும். பணிநிறைவு விழாவில், நூல் வெளியீட்டில், மணிவிழா வாழ்த்து மடலில், பொன்னாடை போர்த்துவதற்குச் சற்று முன்னால் அதை எதிர்பார்க்கலாம். யாரைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டதால், சொல்பவரும் அதன் பொருளை நிறுத்தி யோசிப்பதில்லை, கேட்பவரும் யோசிப்பதில்லை. இவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்ட ஒரு தொடர் இப்படி வெறும் ஓசையாகத் தேய்ந்து போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதனால் நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பாடல்.

நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை அற்று.

பரிமேலழகர் முதலடிக்கு, நுண்ணியதாய் மாட்சிமைப்பட்டுப் பல நூல்களினும் சென்ற அறிவு இல்லாதவனுடைய எழுச்சியும் அழகும் என்று உரை எழுதுகிறார். அப்படிப்பட்டவனின் அழகு, சுதையால் மாட்சிமைப்படப் புனைந்த பாவையின் அழகைப் போன்றது என்பது இரண்டாம் அடி. அந்த உரையில் என் கண் நிற்கும் இடம் "சென்ற" என்ற சொல். நுழை என்பதற்கு அவர் கூர்மை என்று பொருள் கொள்ளவில்லை. அறிவு ஓரிடத்தில் நிற்காமல் நூல்களின் ஊடாகப் போயிருக்கிறது, போய் வந்த அந்த அறிவே நுழைபுலம் என்கிறார். மாணவியின் கேள்விக்கு அவர் தரும் விடை இதுதான்: நுழைவது புலம், நுழையப்படுவன நூல்கள்.

இனி நுண் என்னும் முதல் துண்டு. நுண்மை, நுணுக்கம், நுட்பம், நுணங்கு என்று தமிழில் கிளைத்து நிற்கும் இந்த வேருக்கு, அடிப்படையில் மிகச் சிறியது, மெல்லியது, பொடியானது என்பதே பொருள். நுண்மணல் என்கிறோம், நுண்துளை என்கிறோம். பொருளின் அளவைச் சொல்லிய சொல் பிறகு அறிவின் தன்மையைச் சொல்ல வந்தது. சிறியதைக் காணவல்ல அறிவு நுண்ணறிவு ஆயிற்று. ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளில் இதே வேர் வேறு திசையில் போயிருக்கிறது. கன்னடத்தில் நுண்ணு, நுணுபு என்றாலும் தெலுங்கில் நுனுபு என்றாலும் வழவழப்பு. பொடியாக அரைத்த மாவு கையில் வழவழப்பாகத்தானே படும்? அந்த வழியில் சிறுமை வழவழப்பாகியிருக்கிறது.

நீலகிரியின் வடக்கு எல்லை கர்நாடகம். கூடலூர் வழியாக மைசூருக்குப் போய் வருகிறவர்களுக்குப் பழக்கமான கன்னடப் பழமொழி ஒன்று உண்டு: "தூரத பெட்ட கண்ணிகெ நுண்ணகெ." தொலைவில் இருக்கும் மலை கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் என்பது பொருள். தெலுங்கிலும் "தூரபு கொண்டலு நுனுபு" என்று இதையே சொல்வார்கள். நாம் தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்போம். மேட்டுப்பாளையத்தில் நின்று வடக்கே பார்த்தால் நீலகிரி ஒரு நீலத் திரையை விரித்தாற்போல மடிப்பின்றித் தெரியும். பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறத்தான் அந்தத் திரை பாறையாகவும் ஓடையாகவும் பிரியும். இன்னும் மேலே போனால் புல்வெளி தனியே, பள்ளங்களில் ஒடுங்கிய சோலைக்காடு தனியே தெரியும். ஒரே வேரிலிருந்து பிறந்த சொல்லைக் கொண்டு கன்னடம் தொலைவிலிருந்து பார்க்கும் பார்வையின் ஏமாற்றத்தைச் சொல்கிறது. தமிழோ கிட்டச் சென்று காணும் பார்வையின் திறத்தைச் சொல்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, நுண் என்ற எழுத்துகளை என்னால் பழையபடி கடந்துபோக முடியவில்லை.

இப்படி இனச்சொற்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துக் காண நமக்குக் கருவி செய்து கொடுத்தவர்களில் ஒருவர் இந்த மலையில் பாடம் கற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். மொழியியலாளர் மரே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தரின் மொழிகளை அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தாமஸ் பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி 1961இல் வெளியாயிற்று, 1984இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. அந்த அகராதியில் செந்தமிழ்ச் சொல்லின் பக்கத்தில், எழுத்து வடிவம் இல்லாத தோடர் மொழிச் சொல்லும் கோத்தர் மொழிச் சொல்லும் சம வரிசையில் நிற்கும்.

மாண் என்னும் இரண்டாம் துண்டில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மாட்சி, மாண்பு என்பவற்றின் வேர் அது. சிறப்பு என்று பொருள். ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் நுண், மாண், நுழை மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்தார். மாண் என்பதற்கு அவர் வைத்தது விரிந்தது, பெரியது என்று பொருள்படும் சொல். அவரும் ஊட்டியில் பள்ளி நடத்தி வாழ்ந்தவர், தோடர் மொழிக்கு 1873இல் ஒரு சுருக்க இலக்கணம் எழுதியவர். ஆனால் இந்தப் பாடலில் மாண் இரண்டு முறை வருகிறது என்பதை எந்த மொழிபெயர்ப்பிலும் காட்ட முடியாது. நுண்மாண், மண்மாண் என்ற எதுகையில், அறிவுடையவனிடமும் மாண் உண்டு, பொம்மையிடமும் மாண் உண்டு. இருவருக்கும் பொதுவான அந்தச் சிறப்பைக் கழித்துவிட்டால் ஒரு பக்கம் நுண், மறுபக்கம் மண். ஓரெழுத்து மாற்றத்தில் வள்ளுவர் வேறுபாட்டை வைத்துவிட்டார்.

மூன்றாவது துண்டாகிய நுழை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய பேச்சில் நுழைதல் என்றால் உள்ளே போதல். வீட்டுக்குள் நுழைந்தான், நுழைவுச் சீட்டு, நுழைவாயில் என்று அதையே புழங்குகிறோம். ஆனால் தொல்காப்பியம் உரியியலில் ஒரு நூற்பா இருக்கிறது: "நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை." நொசிவு, நுழைவு, நுணங்கு என்ற மூன்று சொற்களுக்கும் பொருள் நுண்மை என்கிறது அது. அதாவது நுழைவு என்ற சொல்லே பழந்தமிழில் மெல்லியதாய் இருத்தல் என்று பொருள்பட்டது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு நுழைநூற் கலிங்கம். மலைபடுகடாம் அதை "இழைமருங்கு அறியா நுழைநூற் கலிங்கம்" என்று சொல்கிறது. இழை எங்கே ஓடுகிறதென்று கண்டுபிடிக்க முடியாதபடி மெல்லிய நூலால் நெய்த ஆடை. அங்கே நுழை என்றால் உள்ளே போவது அல்ல, மெல்லியது.

உள்ளே போவதற்கும் மெல்லியதாய் இருப்பதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? ஊசியில் நூல் கோத்தவர்கள் இதற்கு அகராதியைத் தேட வேண்டாம். நூல் முனை சிலிர்த்துக்கொண்டு இருந்தால் ஊசிக்காதில் போகாது. நாக்கில் நனைத்து, விரலால் முறுக்கி, மெல்லியதாக்கினால் போகும். மெல்லியது எதுவோ அது நுழையும், நுழைந்தது எதுவோ அது மெல்லியதாகத்தான் இருந்திருக்கும். செயலும் தன்மையும் ஒன்றையொன்று பிரியாமல் இருப்பதால் ஒரு சொல்லே இரண்டுக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது. நுழைபுலம் என்ற தொடரில் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன என்பது என் துணிபு. ஊடுருவிச் செல்லும் அறிவு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தான் செல்லும் இடத்துக்குத் தக்கபடி தன்னை மெல்லியதாக்கிக்கொண்ட அறிவு என்பது மற்றப் பாதி.

பார்வைக்கும் நுழைவுக்கும் உள்ள தொடர்பைப் பொருநராற்றுப்படை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. கரிகாலன் தன்னைப் பாடி வந்த பொருநனுக்கு உடுத்தக் கொடுத்த ஆடையை முடத்தாமக் கண்ணியார் "நோக்கு நுழைகல்லா நுண்மைய" என்கிறார். பார்வைகூட உள்ளே நுழைய முடியாத அளவுக்கு நுண்மையான நெசவு, பாம்பின் தோல் உரித்தாற்போன்ற ஆடை. நோக்கு, நுழை, நுண்மை என்ற மூன்று சொற்களும் ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பார்ப்பது என்பது ஒளி பட்டுத் தெரிவது மட்டுமன்று, கண் ஒரு பொருளின் சந்துகளுக்குள் புகுந்து வருவது என்ற எண்ணம் அந்தப் புலவருக்கு எவ்வளவு இயல்பாக இருந்திருந்தால், அது முடியாமற்போவதை ஆடைக்குப் புகழாக வைத்திருப்பார்!

இந்த அடியைப் படிக்கும்போதெல்லாம் ஊட்டியை அடுத்த ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், நான் பார்த்த காட்சி நினைவுக்கு வரும். வெயில் காய்ந்த புல்லில் அமர்ந்து தோடர் மூதாட்டி ஒருவர் பூத்துக்குளிச் சால்வைக்குத் தையல் வேலை செய்துகொண்டிருந்தார். அது கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பும் கறுப்புமாக நூல். துணியின் மேல் கோடு கிழித்திருக்கவில்லை, சட்டத்தில் மாட்டியிருக்கவில்லை, எதிரே மாதிரிப் படமும் இல்லை. இடது கைச் சுட்டுவிரலில் துணியை மடித்துப் போர்த்தி, ஊசிமுனையால் இழைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, இத்தனை இழை மேலே, இத்தனை இழை கீழே என்று ஊசியை இழைகளின் நடுவே விட்டு எடுத்தார். உதடு லேசாக அசைந்தது, எண்ணிக்கை ஓடியிருக்க வேண்டும். ஊசி எந்த இழையையும் குத்திப் பிளக்கவில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவே இருந்த இடத்தைக் கண்டு அதன் வழியே போய் வந்தது. வேலை முடிந்த பகுதியைப் புரட்டிக் காட்டினார். நெய்தே எடுத்தது போல இருந்தது, எது முன்பக்கம் என்று என்னால் சட்டெனச் சொல்ல முடியவில்லை. இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிகாலன் தந்த ஆடையில் நோக்கு நுழைய இடமில்லை. இந்தத் துணியின் நெசவோ கண் புகுந்து எண்ணும்படி இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தாலும், எண்ணத் தெரிந்த கண்ணுக்குத்தான் அது வழி.

கடைசித் துண்டு புலம். தமிழில் இவ்வளவு தூரம் பயணம் செய்த சொற்கள் குறைவு. திருக்குறளுக்குள்ளேயே அதன் பயணத்தைப் பார்த்துவிடலாம். "மிச்சில் மிசைவான் புலம்" என்று 85ஆம் குறளில் வரும் புலம் விதை தூவும் வயல். "தென்புலத்தார்" என்று 43ஆம் குறளில் வருவது திசை. "அடல்வேண்டும் ஐந்தன் புலத்தை" என்று 343ஆம் குறளில் வருவது ஐம்பொறிகளுக்கு உரிய புலன். "வியன்புலம் ஏற்றுணர்வார்" என்று 716இல் வருவது அகன்ற அறிவு. வயல், திசை, புலன், அறிவு என்ற நான்கும் ஒரே நூலில், ஒரே சொல்லில் இருக்கின்றன. புலம், புலன் என்று மகரமும் னகரமும் மாறி வருவதை நிலம், நிலன் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நன்னூலும் இந்த மாற்றத்துக்கு விதி சொல்கிறது. இன்று புலன் என்றால் பொறியுணர்வு, புலம் என்றால் இடமோ துறையோ என்று வழக்கு பிரித்துக்கொண்டுவிட்டது.

நிலம் என்ற பொருள்தான் பழமையானது என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அது சங்கப் பாடல்களில் மிக வலுவாக நிற்கிறது. "மென்புலத்து வயலுழவர் வன்புலத்துப் பகடுவிட்டு" என்று புறநானூற்றின் 395ஆம் பாட்டு தொடங்குகிறது. வயல் நிறைந்த தாழ்நிலம் மென்புலம், மேடும் காடும் வன்புலம். நாங்கள் குடியிருக்கும் இந்த மலை அந்தக் கணக்கில் வன்புலம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறநாட்டாரைப் "புலம்பெயர் மாக்கள்" என்கிறது. அந்தச் சொல்லை இன்றும் மாற்றமின்றிப் பயன்படுத்துகிறோம். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். புலம்பெயர்தல் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் பொருள் சொல்லத் தேவையில்லை.

நிலத்தைக் குறித்த சொல் அறிவைக் குறிக்க வந்ததில் வியப்பில்லை. அறிவுக்கும் எல்லை உண்டு, வரப்பு உண்டு, விளைச்சல் உண்டு, தரிசும் உண்டு. பல்கலைக்கழகங்களில் ஒரு துறைத் தொகுதியைப் புலம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார், தொல்காப்பியர் "புலம் தொகுத்தோனே" என்று எழுதுகிறார். சிதறிக் கிடந்த இலக்கண அறிவைத் தொகுத்தான் என்று பொருள். புலம் உடையவர் புலவர், அவரது தன்மை புலமை. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தால் புலப்பட்டது என்கிறோம். குற்றத்தின் உண்மையைத் தேடிப் போவது புலனாய்வு.

இப்போது மாணவியின் கேள்விக்குத் திரும்பலாம். நுழைபுலம் வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்று நன்னூல் சொல்லும். நுழைந்த புலம், நுழைகின்ற புலம், நுழையும் புலம் என மூன்று காலத்துக்கும் அது பொருந்தும். ஆனால் காலத்தை மட்டுமல்லாமல், பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவையும் வினைத்தொகை சொல்லாமல் விட்டுவிடுகிறது. பாய்புலி என்றால் பாய்வது புலி. ஆடுகளம் என்றால் ஆடுவது களம் அல்ல, களத்தில் ஆள் ஆடுகிறான். குடிநீர் என்றால் நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. மூன்றும் ஒரே அமைப்புடையவை, உறவு மட்டும் மூன்று விதம். நுழைபுலம் பாய்புலியைப் போன்றதா, ஆடுகளத்தைப் போன்றதா என்பதுதான் அவள் கேட்டது. பதினாறு வயதில் அது பெரிய கேள்வி.

பரிமேலழகர் அதைப் பாய்புலியாக எடுத்துக்கொண்டார், அறிவே செல்கிறது. பாட்டின் சொல்லமைதிக்கு அதுவே பொருந்துகிறது. நுண், மாண் என்ற அடைகள் அறிவுக்கு ஏற்றவை, அப்படி அறிவு இல்லாதவனைத்தான் பாட்டு பேசுகிறது. ஆயினும் ஆடுகளமாக எடுத்துக்கொள்ளும் பொருளை என்னால் முற்றிலும் விலக்க முடியவில்லை. அதற்குக் காரணம் முந்தைய குறள். 406ஆம் பாடலில் வள்ளுவர் கல்லாதவரைப் "பயவாக் களர்" என்கிறார். உப்புப் பூத்து எதுவும் விளையாத நிலம். அதைப் படித்த கையோடு 407இல் புலம் என்ற சொல் வரும்போது, விளைநிலத்தின் மண்வாசனை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. களரில் நுழைந்து பயன் இல்லை, புலத்தில் நுழையலாம். இது உரையாசிரியர் யாரும் சொன்னதாக நான் கொள்ளவில்லை, இரண்டு பாடல்களும் அடுத்தடுத்து நிற்பதில் எனக்குக் கேட்கும் எதிரொலி மட்டுமே.

பாவை உவமையும் அப்போது கூடுதலாகத் துலங்குகிறது. எங்கள் மலையில் நவராத்திரி வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னும் பின்னுமாக வரும். பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்த கொலு பொம்மைகளை இறக்கும்போது, ஆண்டு முழுதும் இந்த ஊரின் ஈரம் என்ன செய்திருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் ஒரு மண் பொம்மை இருக்கிறது. பச்சைச் சேலை, தங்கக் கரை, நெற்றியில் அழியாத பொட்டு. சென்ற ஆண்டு அதன் இடுப்பருகே வண்ணம் கொப்புளம் போல எழும்பி உதிர்ந்து, கீழே செம்மண் நிறம் தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை. உள்ளே வெற்றிடம், அச்சில் அழுத்தியவரின் விரல் தடங்கள். பொம்மையின் முகம் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. வள்ளுவர் அந்த அழகைப் பொய் என்று சொல்லவில்லை, மாண் என்றே சொல்கிறார். அழகுக்கு உள்ளே போக ஒன்றும் இல்லை, அங்கிருந்து வெளியே வந்து எதற்குள்ளும் நுழையவும் ஒன்றும் இல்லை என்பதே அவர் காட்டுவது.

கூர்த்த அறிவுக்கு நாம் அதிகம் புழங்கும் சொல் கூர்மை. புத்திக்கூர்மை, அறிவுக்கூர்மை என்கிறோம். இது கத்தி, அரிவாள் வழியாக வந்த உருவகம். கூர் என்ற வினைக்கு மிகுதல் என்ற பொருளும் உண்டு. அன்பு கூர்தல், நினைவு கூர்தல் என்பவற்றில் இருப்பது அதுதான். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று தொல்காப்பிய உரியியல் இதைச் சொல்கிறது. ஆனால் அறிவோடு சேரும்போது நம் மனத்தில் வருவது ஆயுதத்தின் முனையே. தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்யும் கத்தியை இங்கே பார்த்தவர்களுக்கு அதன் கூர்மை தெரியும். ஒரே வீச்சில் கிளை துண்டாகும். கூர்மை வெட்டும், பிரிக்கும். அது வேண்டிய திறம்தான். ஆனால் வள்ளுவருக்கு அதன் எல்லையும் தெரிந்திருக்கிறது. "அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்" என்று 997ஆம் குறளில், அரத்தைப் போன்ற கூர்மை உடையவரும் பண்பு இல்லாவிட்டால் மரம் என்கிறார். நுழைபுலத்தின் உருவகம் கத்தியிலிருந்து வரவில்லை, நூலிலிருந்து வருகிறது. அதனால் இரண்டையும் ஒரே பொருட்சொல்லாக உரையில் எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை.

மதிநுட்பம் இன்னொரு சொல். 636ஆம் குறளில் "மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு" என்று வருகிறது. பிறவியிலேயே அமைந்த நுட்பம் ஒருபுறம், நூலறிவு மறுபுறம், இரண்டும் சேர்ந்தவர் முன்னால் எந்தச் சூழ்ச்சியும் நிற்காது என்பது கருத்து. அங்கே நுட்பமும் நூலும் இரண்டு பொருள்கள். நுழைபுலத்தில் அவை ஒன்றாகிவிட்டன, நூல்களுக்குள் போனதால்தான் அது நுழைபுலம்.

நுண்ணறிவு என்ற சொல் நம் காலத்தில் பல அலுவல்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. காவல்துறையில் நுண்ணறிவுப் பிரிவு உண்டு, உளவியலில் நுண்ணறிவு ஈவு உண்டு, இப்போது செயற்கை நுண்ணறிவு வீட்டுச்சொல் ஆகிவிட்டது. பல நூல்களினும் சென்ற அறிவு என்ற பரிமேலழகர் உரையை இந்த இயந்திரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாமா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நூல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் வள்ளுவர் வேறோரிடத்தில், நுண்ணிய நூல் பல கற்றாலும் ஒருவனுக்கு உள்ளதாகிய அறிவே மேற்பட்டு நிற்கும் என்கிறார். அது 373ஆம் குறள், ஊழ் அதிகாரம். நூல்களுக்குள் சென்ற வழியும், சென்று வந்தவன் என்ன ஆனான் என்பதும் அவருக்கு வேறு வேறு கேள்விகள். அந்த மாணவனோடு இதைப் பேசி முடிக்கவில்லை.

நூல்களுக்குள் மட்டுமல்ல, மனிதர் சொல்லுக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கிறது என்பதற்கு 424ஆம் குறள் சான்று. "எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய் நுண்பொருள் காண்பது அறிவு." தான் சொல்லும்போது கேட்பவருக்கு எளிதாகப் போய்ச் சேரும்படி சொல்ல வேண்டும், பிறர் சொல்லும்போது அதற்குள் இருக்கும் நுண்பொருளைக் காண வேண்டும். இங்கும் செல்லுதல்தான் அடிப்படை. என் சொல் உன்னிடம் தடையின்றிச் செல்ல வேண்டும், உன் சொல்லுக்குள் நான் செல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சமமான சுமையை வைக்காமல், எளிமையாக்கும் வேலையையும் நுணுகிப் பார்க்கும் வேலையையும் சேர்த்து ஒருவன் தலையிலேயே வைத்துவிட்டார். ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் இந்தக் குறளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். குறிப்பறிதல் அதிகாரத்தில், "நுண்ணியம் என்பார் அளக்குங்கோல் காணுங்கால் கண்ணல்லது இல்லை பிற" என்று 710ஆம் குறள் சொல்வதும் இந்த வகையே. யாம் நுண்ணறிவுடையோம் என்றிருப்பவர் எதிரில் இருப்பவரின் மனத்தை அளக்கும் கோல், அவருடைய கண்தான்.

அடுத்த வாரம் வகுப்பில் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொல்லி, நுழைபுலம் என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் எதிர்பார்த்தபடியே நுண்மாண் நுழைபுலம் மிக்க தலைவர், அறிஞர் என்று எழுதினார்கள். கேள்வி கேட்டவள் இப்படி எழுதியிருந்தாள்: "என் அம்மாவுக்குத் தேயிலையில் நுழைபுலம் உண்டு, மஞ்சு மூடிச் செடியே தெரியாத காலையிலும் கரட்டு இலை எது, கொழுந்து எது என்று அவர் விரல் உள்ளே போய் எடுத்துவிடும்." நுண், மாண் இரண்டையும் அவள் விட்டிருந்தாள். எதற்குள் என்ற கேள்விக்குத் தேயிலையில் என்று ஏழாம் வேற்றுமை உருபு போட்டு, நுழைவது யார் என்பதை விரலிடம் கொடுத்திருந்தாள். சிவப்பு மையால் ஒரு கோடுகூடப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.